பெரிய எழுத்து

"அதிகமா வருதுன்னா டூப்ளிகேட்டா இருக்கும், தூக்கிடு" என்று சொல்லிவிட்டு ஹரிபிரசாத் டீ குடிக்கப் போய்விட்டான். தூக்கிடு. எவ்வளவு லேசாக வந்துவிடுகிறது வாயில். பெனிட்டா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையில் வந்ததிலிருந்து ஒரே வேலைதான், யாரிடம் சொன்னாலும் கொட்டாவி விடக்கூடிய வேலை. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரிகளில் ஒரு சின்ன மெஷினை வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மெஷினும் தான் பார்த்த குழந்தைகளை ஒரு ஃபைலாக எழுதி மேலே அனுப்பிவிடும். மேலே என்றால் கிளவுட், மேகம், பெயரைப் பார், எவனோ எங்கேயோ கட்டிவைத்திருக்கும் கட்டிடத்தில் வாடகைக்கு எடுத்த இடம். அங்கே மாவட்டம் மாவட்டமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வந்து குவிந்து கிடக்கும் ஃபைல்களை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம், போய்ப் பொறுக்கி எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரே பெரிய ஃபைலாக ஆக்கித் தரவேண்டும். அதில் யாருக்கெல்லாம் மறுபரிசோதனை வேண்டும் என்று இருக்கிறதோ அவர்கள் வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் போகும். அவ்வளவுதான். பழைய ஸ்கிரிப்ட் ஹரிபிரசாத் எழுதியது, அவள் இந்த ஆபீசில் சேர்வதற்கு வெகுகாலம் முன்னால். அது ஆமை மாதிரி ஓடுகிறது, புதுசா எழுது என்றார்கள், எழுதினாள், ஓட்டினாள், பழையதில் வராத வரிகள் புதியதில் வந்தன. பத்து இருபது இல்லை, ஆயிரக்கணக்கில். டூப்ளிகேட் இல்லை ஹரி. ஒன்றுகூட இல்லை. அவன் எழுந்து போவதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். எல்லாமே ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மெஷின். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு மெஷின்கள் இருந்தன. கீழ்த்தளத்து மெஷின் ஃபைல் பெயரின் வாலில் சிஎஸ்வி என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தைச் சின்ன எழுத்தில் போட்டது, மாடி வார்டு மெஷின் அதையே பெரிய எழுத்தில் போட்டது. சின்ன எழுத்தில் முடிகிற ஃபைலை மட்டும் எடு என்று ஹரிபிரசாத் எழுதியிருந்தான். எடுத்தது. பெரிய எழுத்தைத் தாண்டிப் போனது. மாசாமாசம் தாண்டிப் போனது, வருஷக்கணக்காக. அவள் தன் கோடில் எல்லாப் பெயரையும் முதலில் சின்ன எழுத்தாக்கிவிட்டுத்தான் பார்த்தாள், அது கெட்டிக்காரத்தனம் இல்லை, வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு பழக்கம். எரர் வந்ததா? வரவில்லை. வந்திருந்தால் யாராவது திட்டிக்கொண்டாவது பார்த்திருப்பார்கள். கீழ்த்தளத்து மெஷினிலிருந்து ஃபைல் வந்துகொண்டுதானே இருந்தது, ஆஸ்பத்திரிக்காரனுக்கும் சந்தேகமில்லை, ஆபீசுக்கும் சந்தேகமில்லை, எல்லாரும் மாசக் கடைசியில் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாடி வார்டு. அவள் பிள்ளை பெற்றுக் கிடந்ததும் அங்கேதான். மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில், மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டேயிருக்கும், அதை நிறுத்தச் சொல்லி அவள் புருஷன் ஸ்டீபன் நர்ஸிடம் சண்டை போட்டான்.

திறக்காதே என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே திறந்தாள். மகள் ஷெரின் பிறந்த வருஷம், பிறந்த மாசம். குழந்தைகளுக்கு அப்போது பெயர் ஏது, எல்லாமே இன்னாருடைய குழந்தை, பேபி ஆஃப் ஜெயந்தி, பேபி ஆஃப் மும்தாஜ், பேபி ஆஃப் பெனிட்டா. அவள் பெயர். அவளுடைய பழைய ஃபோன் நம்பர், இன்றைக்கும் அதேதான், மாற்றவேயில்லை, மாற்றியிருப்பாய் என்று ஆளாளுக்குச் சொன்னார்களே, மாற்றவேயில்லை. வலது காது ரெஃபர். இடது காது ரெஃபர். ரெஃபர் என்றால் சரியாக வரவில்லை, மறுபடி பார்க்கவேண்டும். இங்கே இருந்திருக்கிறது. அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதும் இங்கே இருந்திருக்கிறது, ஞானஸ்நானத்துக்கு வெள்ளை கவுன் தைக்கக் கொடுத்தபோதும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதபோது பிடிவாதக்காரி, அப்படியே அப்பனைக் கொண்டிருக்கிறாள் என்று சிரித்தபோதும் இங்கே, இந்த மேகத்தில், ஒரு பைசா எடையில்லாமல், யார் கேட்டாலும் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. கேட்க ஆளில்லை. அந்தப் பெண்ணின் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, மெஷினைக் கொண்டுவந்த பெண், சின்ன வயசு, நெற்றியில் வியர்வை, ஷெரினின் காதுக்குள் மெத்தென்ற ஒரு குமிழை வைத்துவிட்டுக் காத்திருந்தாள், உதட்டைப் பிதுக்கினாள், "ஈரமா இருக்கும்க்கா, பயப்படாதீங்க, ஃபோன் வரும், அப்ப தூக்கிட்டு வாங்க" என்றாள். ஃபோன் வரும். ஒரு மாசம் பெனிட்டா ஃபோனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். "வரலன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்றான் ஸ்டீபன். அதையும் நம்பினாள், நம்புவதற்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது. இரண்டரை வயசில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் கதை கதையாகப் பேசத் தொடங்கிய பிறகு, பெரிய டாக்டரிடம் போனபோது அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பொறந்தப்பவே பாத்திருப்பாங்களே. ஃபோன் பண்ணியிருப்பாங்களே. நீங்கள்லாம் வர்றதே இல்லம்மா." நீங்கள்லாம். அந்த "லாம்" இன்னும் உள்ளே குத்திக்கொண்டு நிற்கிறது. யார் அந்த நாங்களெல்லாம்? ஃபோனைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தவர்களா? வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது ஸ்டீபன் சொன்னான், ஒரே ஒரு தடவைதான் சொன்னான், அதற்கப்புறம் சொல்லவும் இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை: "உன் நம்பரைத்தானே குடுத்தோம். நீதான் உங்கம்மா வீட்டு உள்ரூம்ல சிக்னல் இல்லாம படுத்துக் கிடந்த." அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால் இல்லை, ஒருவேளை அப்படித்தானோ என்று அவளுக்கே தோன்றியதால். எத்தனை ராத்திரி அந்த உள்ரூமுக்குத் திரும்பப் போய், சுவரைத் தடவி, இந்த மூலையில் சிக்னல் இருந்ததா, அந்த மூலையில் இருந்ததா என்று பார்த்திருப்பாள். ஒரு மூலையிலும் எதுவும் இல்லை. ஃபோனே வரவில்லை. ஃபோன் பண்ணவே இல்லை. இப்போதே ஸ்டீபனைக் கூப்பிட்டு, அவன் கடையில் வாடிக்கையாளர் யார் நின்றாலும் சரி, கேட்டாயா கேட்டாயா கேட்டாயா என்று கத்தவேண்டும். கத்தி? ஷெரினுக்கு இப்போது அஞ்சு வயசு. தலைக்குள் கருவி வைத்து, காதுக்குப் பின்னால் ஒரு வட்டம் ஒட்டி, தினமும் சாயங்காலம் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு டீச்சர் "பா" என்றால் "பா" என்கிறாள், "மா" என்றாலும் பல நாள் "பா" என்கிறாள். கோபம் வந்தால் அந்த வட்டத்தைப் பிய்த்துத் தூர எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அவளுக்கு இல்லை. கொடுத்து வைத்தவள். பெனிட்டாவுக்கு எறிய ஒன்றுமில்லை, எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஏசியின் இரைச்சல், கீழே தில்லைநகர் ரோட்டில் பஸ் ஹாரன், தூக்கிடு, தூக்கிடு.

ஹரிபிரசாத் இரண்டு கையிலும் டீயோடு வந்தான். அவளுக்கும் வாங்கி வந்திருக்கிறான், இஞ்சி போட்டு, அவளுக்குப் பிடிக்கும் என்று தெரிந்து. அதுதான் தாங்கமுடியவில்லை. இவன் கெட்டவனாக இருந்திருக்கலாம். குடித்துவிட்டு வருகிறவனாக, வேலையைத் தள்ளிப்போடுகிறவனாக, பெண்களிடம் இளிக்கிறவனாக இருந்திருந்தால் இந்நேரம் அவன் சட்டையைப் பிடித்திருப்பாள். இவன் ஷெரினின் பிறந்தநாளுக்குப் பேசும் பொம்மை வாங்கி வந்துவிட்டு, அதைக் கொடுத்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, மறுநாள் கலர் பென்சில் பெட்டியோடு வந்து நின்றவன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தான். அவள் அந்த வரியை மூடிவிட்டிருந்தாள், ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. அவன் கண் கீழே இறங்குவதை, நிற்பதை, மறுபடி மேலே போவதை அவள் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடடா" என்றான். "பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிரச்சினை. நான்தான் விட்டிருக்கேன். ஒரு வரி மாத்தினா போதும் பெனி, உன்னுதுல ஏற்கனவே சரியாத்தான் இருக்கு." அடடா. சாம்பாரில் உப்புக் குறைந்தால் சொல்கிற அடடா. அவன் மேல் தப்பில்லை என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி வாதாட எழுந்தாள், அவன் எழுதியபோது அந்த மாடி மெஷின் வந்திருக்காது, வந்த பிறகு யாரும் அவனிடம் சொல்லியிருக்கமாட்டார்கள், யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய தப்பு, நீயே எத்தனை இடத்தில் இப்படி விட்டிருப்பாயோ. வாயை மூடு என்றாள் அவளிடம். யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்றால் யாரைத்தான் நான் திட்டுவது? எல்லாரும் நல்லவர்கள், டாக்டர் கைராசிக்காரர், ஸ்டீபன் குடும்பத்துக்காக மாடாக உழைக்கிறவன், ஹரி டீ வாங்கித் தருகிறவன், என் பிள்ளை மட்டும் "மா"வுக்கு "பா" சொல்கிறாள். "ஒரு வரிதான்" என்றான் மறுபடி, அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்து. அவனுக்கு அது ஆறுதல் சொல்கிற மாதிரி பட்டிருக்கவேண்டும். அப்போதுதான் சொன்னாள், சொல்ல நினைத்த மாதிரி இல்லை, ரொம்பச் சாதாரணமாக வந்தது, டீ ஆறிப்போச்சு என்று சொல்கிற மாதிரி. "அதுல ஷெரின் இருக்கா, ஹரி."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. டீ டம்ளரை மேசையில் வைக்கப்போய், அங்கே விசைப்பலகை இருக்க, வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டான். "எந்த ரோ?" என்றான்.

எந்த ரோ. எத்தனாவது வரி என்று கேட்கிறான். மன்னிச்சிடு என்று சொல்லுவான் என்று நினைத்தாளா, அழுவான் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை, எதைச் சொல்லியிருந்தாலும் பற்றி எரிந்திருப்பாள், ஆனால் இது, எந்த ரோ. திறந்து காட்டினாள். வேண்டுமென்றே, கர்சரை அந்தப் பெயரின் மேல் கொண்டுபோய் நிறுத்தி. நல்லா பாரு. பேபி ஆஃப் பெனிட்டா, அதுதான் ரோ. அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். டீ அவன் விரல்மேல் வழிந்து ஜீன்ஸில் சொட்டியது, சூடாகத்தான் இருந்திருக்கும், துடைக்கவில்லை. அவளுக்கு அவன்மேல் ஒரு சொட்டு இரக்கம் எட்டிப்பார்த்தது, அந்த இரக்கத்தின் மேலும் கோபம் வந்தது, இப்போது இவனைத் தேற்றுகிற வேலையும் என் தலையிலா என்று எழுந்துவிட்டாள். நேராக மேனேஜர் லலிதா மேடத்தின் கண்ணாடி அறைக்குப் போனாள். மேடம் கேட்டார், குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார், ஷெரின் இருக்கும் வரியைப் பற்றிக் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உன் எமோஷன் எனக்குப் புரியுதும்மா" என்றார். புரியாது. அந்த வார்த்தைக்கு ஒரு உறை போட்டு டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள். "நல்லவேளை நீ கண்டுபிடிச்ச. அடுத்த மாச அப்லோடோட எல்லாத்தையும் சேத்து அனுப்பிடலாம், அவங்க டெஸ்க்குல இருந்து ஃபோன் போயிடும். ஆனா ஏன் எதுக்குன்னு பழசையெல்லாம் கிளற வேணாம். ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம்." அடுத்த மாசம் என்றாள் பெனிட்டா. "மேடம், போன மாசம் பொறந்த குழந்தையும் அதுல இருக்கு. அதுக்கு முந்தின மாசமும். அதுங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னிக்கே கூப்பிடணும்." மேடம் மெதுவாகத் தலையாட்டினார், இல்லை என்கிற மாதிரியும் இருந்தது, பாவம் என்கிற மாதிரியும் இருந்தது. "பேஷன்ட்கிட்ட நாம பேசறதில்ல பெனிட்டா. அது ரூல். நமக்கு அந்த உரிமை இல்ல." நமக்கு உரிமை இல்லை. விட்டுவிட உரிமை இருந்தது, வருஷக்கணக்காக, ஒருத்தரும் ரூல் சொல்லவில்லை. இதை உரக்கச் சொன்னாளா, மனசுக்குள் சொன்னாளா, தெரியவில்லை, மேடத்தின் முகம் சிவந்ததைப் பார்த்தால் உரக்கத்தான் சொல்லியிருக்கவேண்டும். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கண்ணாடிக் கதவு, ஓங்கிச் சாத்தினாலும் மெத்தென்றுதான் மூடுகிறது, சனியன்.

உட்கார்ந்தாள். அந்த மெஷினின் ஃபைல்களை மட்டும் தனியாகச் சேர்த்தாள், ரெஃபர் என்று இருப்பவர்களை மட்டும் பிரித்தாள், எல்லாம் சில வரிக் கோடு, விரல் தானாகப் போட்டது. கடைசியாகத் தேதிப்படி அடுக்கினாள், புதிதாகப் பிறந்தது மேலே வரும்படி. அடுக்கிய கணத்தில் ஷெரின் கீழே போனாள், திரையைவிட்டு, எங்கோ அடியில். அப்படித்தான் அடுக்கவேண்டும், வேறு வழியில்லை, சின்னதுக்குத்தான் முதலில், தெரியும், தெரிந்தே செய்தாள், ஆனாலும் தன் கையாலேயே பிள்ளையை வரிசையின் கடைசியில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. தன் ஃபோனை எடுத்து முதல் நம்பரை அழுத்தினாள். ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவதில் ஒரு ஆள் எடுத்து, லோனா, வேணாம் என்று வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஃபோன் வரும் என்று சொல்லப்பட்ட வீடுகளில் ஃபோன் வந்தால் இப்படித்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது. மூன்றாவதில் ஒரு பெண் குரல், பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க குழந்தையோட அம்மாவா?" "ஆமா, யாரு?" "ஆஸ்பத்திரியில குழந்தைக்குக் காது டெஸ்ட் எடுத்தாங்கல்ல, அது சம்பந்தமாப் பேசறேங்க. ரெண்டு காதையும் மறுபடி பாக்கணும்னு வந்திருக்கு. நாளைக்கே கூட்டிட்டு வரமுடியுமா?" டிவிச் சத்தம் நின்றது. "மறுபடியா? அவன் பொறந்து ரெண்டு மாசம் ஆச்சு. இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" பெனிட்டா வாயைத் திறந்தாள். அவளுடைய கேள்வி அது. அட்சரம் மாறாமல் அவளுடையது, வருஷக்கணக்காக யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்தது, இப்போது அவளையே பார்த்து வருகிறது. "ஃபோன் பண்ணுவோம்னு சொன்னீங்க, பண்ணல, சரி எல்லாம் நல்லாருக்குன்னு இருந்தோம். இப்ப வந்து ரெண்டு காதும்ங்கறீங்க. நீங்கள்லாம் மனுஷங்கதானா?" நீங்கள்லாம். நான் இல்லைம்மா, நானும் உன்னை மாதிரிதான், என் பிள்ளையும் இதே ஃபைலில்தான் இருக்கிறாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்தப் பெண் உடனே அடங்கிப்போவாள், ஐயோ அப்படியாக்கா என்பாள், அவளுடைய கோபத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். டாக்டர் பிடுங்கினார், ஸ்டீபன் பிடுங்கினான். "தப்பு எங்களோடதுதாங்க" என்றாள். "உங்களுது எதுவும் இல்ல. ஃபைல் எங்ககிட்டதான் இருந்துச்சு. நாங்கதான் பாக்கல."

மறுமுனையில் அந்தப் பெண் எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "இருங்க, தூங்கறான், நான் தட்டத் தட்டிப் பாக்கறேன்" என்று குரல் விலகிப் போனது. "வேணாம்ங்க, அதுல தெரியாது" என்று பெனிட்டா சொன்னதை யாரும் கேட்கவில்லை. தூரத்தில் பாத்திரம் உருளும் சத்தம். எவர்சில்வர் தட்டில் கரண்டி மோதியது, ஒரு தடவை. ஒன்றுமில்லை. பெனிட்டா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், காது மடல் வலித்தது. மறுபடி, இன்னும் ஓங்கி. அழு, என்றாள் அவள், சத்தம் வராமல், பல்லைக் கடித்துக்கொண்டு, அழுடா. மூன்றாவது அடி விழுந்தது, அதன் ரீங்காரம் அடங்குவதற்குள் வீறிட்டு ஒரு அழுகை, தூக்கத்தைக் கெடுத்தவர்கள்மேல் அவனுக்கும் எவ்வளவு ஆத்திரம், மூச்சைப் பிடித்துப் பிடித்து அழுதான். "கேக்குது! அவனுக்குக் கேக்குது!" என்று அந்தப் பெண் கத்தினாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, உடனே குரல் மாறியது, "வயித்தக் கலக்கிட்டீங்களே, உங்களுக்கெல்லாம் இது வெளையாட்டா?" பெனிட்டாவுக்குக் கண் கலங்கி வழிந்தது, துடைத்துக்கொண்டாள். "பெரிய சத்தம் கேக்கும்ங்க. பேச்சு கேக்குதான்னு பாக்கணும். நாளைக்குக் காலையில வந்துடுங்க, தள்ளிப்போடாதீங்க." "நீங்க யாரு, டாக்டரா?" "இல்ல." "உங்க பேரச் சொல்லுங்க. நான் வந்து ஒங்களத்தான் கேப்பேன், விடமாட்டேன்." பெனிட்டா தன் பெயரைச் சொன்னாள், அவளுக்குப் புரியும்படி இரண்டாவது தடவை மெதுவாகச் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் ஹரிபிரசாத் அவள் திரையைப் பார்த்து ஒரு நம்பரை அழுத்திவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி வெளுத்துப்போன முகத்தோடு காத்திருந்தான். கண்ணாடி அறையில் லலிதா மேடம் எழுந்து நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"கேளுங்க" என்றாள் பெனிட்டா. "நான் அங்க வந்து நிக்கறேன். வந்து கேளுங்க."